எலி ஓடியதாம்

2024 ஆகஸ்ட் 13, செவ்வாய்க்கிழமை. விடிவதற்குள் எழுந்து குளித்து, ஆடி மாதத்துக்கென்று மனைவி காய்ச்சியிருந்த கூழில் ஒரு குவளை குடித்தேன். சட்டைப் பையில் இரண்டு பேனாவும் ஒரு சிவப்புப் பென்சிலும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு செபராங் ஜெயாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். பட்டர்வொர்த் துறையில் ஃபெர்ரி ஏறி அக்கரைத் தீவு. ஜார்ஜ் டவுனில் துணிக்கடைகள் ஷட்டர் தூக்கும் நேரத்துக்கு எங்கள் பத்திரிகை அலுவலகத்தின் மாடிப்படி ஏறினேன். மேசையைத் துடைத்தேன். அகராதிகளை உயர வரிசையில் நிமிர்த்தி வைத்தேன். முந்தைய நாள் இதழில் பிழை பார்த்தேன். பிறகு அமெரிக்காவை மொழிபெயர்க்க உட்கார்ந்தேன்.

அதுதான் என் வேலை. அமெரிக்கச் செய்தி நிறுவனங்கள் அனுப்பும் ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் சுருக்கி உலகப் பக்கத்தை நிரப்ப வேண்டும். தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து இதைச் செய்கிறேன். எனவே அந்த நாட்டுப் பத்திரிகைக்காரர்களின் பழக்கவழக்கங்களை, கூட்டுக் குடும்பத்தில் மருமகள் மாமியாரின் பழக்கங்களை அறிவதுபோல அறிவேன்.

உதாரணமாக, அவர்கள் யாரிடமிருந்து செய்தி வந்தது என்று சொல்ல விரும்பாதபோது, ‘விஷயத்தை அறிந்தவர்கள்’ என்று எழுதுவார்கள். தமிழில் அதை ‘விவரம் அறிந்த வட்டாரங்கள்’ என்று எழுதுவது எங்கள் மரபு. ஒருமுறை பட்டர்வொர்த்துக்குப் பக்கத்தில் பிறை என்ற ஊரிலிருந்து ஒரு வாசகர் அழைத்தார். எல்லாச் செய்தியும் அந்த வட்டாரத்திலிருந்தே வருகிறதே, அது எந்தப் பக்கம், தொழிற்பேட்டையைத் தாண்டியா என்று கேட்டார். வாஷிங்டன் பக்கம் என்றேன். அங்கே விவரம் அறிந்தவர்கள் அவ்வளவு பேர் இருந்தும் நாடு ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் அதற்கு எந்தக் கருத்தும் தெரிவிக்கவில்லை. இதுவும் அவர்களிடம் கற்றதுதான்.

‘மஞ்சள் பத்திரிகை’ என்ற சொல்லை நம்மவர்கள் ஏதோ நம் ஊர்ச் சொல் என்று நினைத்துத் திட்டிக்கொள்கிறார்கள். அது நியூயார்க்கிலிருந்து வந்தது. நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே இரண்டு பத்திரிகை முதலாளிகள் விற்பனைப் போட்டியில் இறங்கினார்கள். மஞ்சள் அங்கி போட்ட ஒரு கேலிச்சித்திரப் பையனுக்காக அடித்துக்கொண்டார்கள். அந்தப் போட்டியில் அவர்கள் விட்ட கதைகளுக்கு அந்த அங்கியின் நிறமே பெயராக நின்றுவிட்டது. கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுகிற நாம், அவர்கள் வெட்கப்பட வேண்டிய விஷயத்துக்கு நம்முடைய மங்கல நிறத்தைக் கொடுத்துவிட்டு, பெருமையாக எடுத்து ஆள்கிறோம்.

அவர்களுடைய நடுநிலையும் அப்படித்தான். அது வானத்திலிருந்து இறங்கிய கொள்கை என்று நினைப்பவர்கள் உண்டு. தந்தி வந்த காலத்தில் ஒரே செய்தியை எல்லாக் கட்சிப் பத்திரிகைகளுக்கும் விற்க வேண்டியிருந்தது. எந்தக் கட்சிக்காரனும் முகம் சுளிக்காதபடி எழுதினால்தான் எல்லோரும் வாங்குவார்கள். காரம் குறைத்துச் சமைத்தால் எல்லா மேசைக்கும் பரிமாறலாம் என்று ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் கண்டுபிடிப்பதைப் போல. பிறகு அந்தக் காரமின்மைக்கு ஒரு பல்கலைக்கழகப் பாடம் வைத்துவிட்டார்கள்.

இவ்வளவையும் நான் எனக்குள் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். எங்கள் ஆசிரியர் கோலாலம்பூருக்குப் பயிற்சிக்குப் போய் வரும்வரை.

ஆசிரியர் என்னைவிட இளையவர். முதலாளியின் மருமகன். நல்ல மனிதர், ஆனால் எதையும் கடைசியாகச் சொன்னவர் சொன்னபடி நம்புகிறவர். ஒரு ஹோட்டலில் ஓய்வுபெற்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒருவர் இரண்டு வாரம் வகுப்பெடுத்திருக்கிறார். அவர் கழுத்தில் மாட்டிவிட்ட அடையாள அட்டையோடு எங்கள் ஆசிரியர் திரும்பி வந்தார். ஒரு மாதம் அதைக் கழற்றவில்லை.

முதலில் தலைகீழ்ப் பிரமிடு வந்தது. முக்கியமானதை முதலில் எழுத வேண்டும், முக்கியமில்லாததைக் கடைசியில் வைக்க வேண்டும், இடம் போதாவிட்டால் அடியிலிருந்து வெட்ட வேண்டும். இதன்படி ஒரு மாரியம்மன் கோயில் தீமிதிச் செய்தி எழுதப்பட்டது. முதல் பத்தியில் போக்குவரத்து நெரிசல், இரண்டாம் பத்தியில் கால் கொப்புளித்தவர்கள், மூன்றாம் பத்தியில் சிறப்பு விருந்தினர், கடைசிப் பத்தியில் அம்மன். அன்று ஒரு டயர் விளம்பரம் பெரிதாக வந்துவிட்டதால் அம்மன் வெட்டப்பட்டார். கோயில் நிர்வாகக் குழு அலுவலகத்துக்கு வந்து, டயர் யாருக்காகத் தீ மிதித்தது என்று கேட்டுவிட்டுப் போனது.

அடுத்து, எந்தச் செய்திக்கும் இரண்டு ஆதாரம் வேண்டும் என்றார். அதில் எனக்கு மறுப்பில்லை. பிறகு, ‘ஆம்’ கூடாது என்றார்.

‘வந்தாராம்’, ‘சொன்னாராம்’, ‘இருந்ததாம்’ என்று நாம் எழுதுகிறோமே, அந்த ஒட்டு. வதந்தி எழுதுகிற கை அது, ஒன்று உறுதியாகச் சொல்ல வேண்டும் அல்லது விட்டுவிட வேண்டும் என்பது அவர் வாதம். நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அமெரிக்கர்கள் ‘இது பற்றிப் பேச அதிகாரம் இல்லாததால் பெயர் வெளியிட விரும்பாத, விஷயத்தை நேரடியாக அறிந்த ஒருவர் தெரிவித்த தகவலின்படி’ என்று மூச்சு வாங்க எழுதுவதை நம் மொழி இரண்டே எழுத்தில் சொல்லிவிடுகிறது. நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன், பொறுப்பு என்னுடையதல்ல என்று மூன்றும் அதில் இருக்கின்றன. அவர்கள் அத்தனை காலமாகப் பத்திரிகை நடத்தி எட்ட முடியாத சிக்கனம் அது.

“அண்ணே, நீங்க பழைய காலத்துலயே நிக்கிறீங்க,” என்றார் ஆசிரியர். “ஸ்டேட்ஸ்ல இப்படி ஒரு வார்த்தையே கெடையாது.”

“அவங்ககிட்ட இல்லாததாலதான் சார் அவ்வளவு கஷ்டப்படறாங்க.”

அவர் சிரிக்கவில்லை. வகுப்பில் சிரிக்கக் கூடாது என்றும் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து மணிவாக்கில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வந்தவர் பாகான் டாலாமில் தோசைக் கடை வைத்திருக்கும் அக்கா. எனக்கு அவரைத் தெரியும். ஃபெர்ரிக்குப் போகும் வழியில் சில நாள் அங்கே சாப்பிட்டிருக்கிறேன். கையில் திங்கட்கிழமை இதழை நான்காக மடித்து வைத்திருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“யாரண்ணே இத எழுதுனது?”

உள்ளூர்ப் பக்கத்தில் மேலே, ‘பாகான் டாலாம் தோசைக் கடையில் எலி’ என்று தலைப்பு. கீழே, ‘கடையில் எலி ஓடியது. இது பற்றிக் கருத்து அறிய அழைத்தபோது கடை உரிமையாளர் பதிலளிக்கவில்லை.’ கடையின் பெயர் இல்லை. பாகான் டாலாமில் அந்தத் தெருவில் அவருடைய கடையைத் தவிர வேறு தோசைக் கடையும் இல்லை.

“நா என்ன ஓடி ஒளிஞ்சிட்டேனா? ஞாயித்துக்கெழம மத்தியானம் ஃபோன் அடிச்சிருக்கீங்க. நா தூங்கிட்டு இருந்தேன். தூங்குனா எலி வச்சிருக்கேன்னு அர்த்தமா?”

அவருக்கு என்ன போகிறது என்பதையும் சொன்னார். பிறையில் ஒரு தொழிற்சாலை கேன்டீனுக்குத் தினமும் காலையில் தோசையும் வடையும் கொடுப்பது அவர்தான். கடையில் வருகிற வியாபாரம் வாடகைக்குப் போய்விடும். வீடு நடப்பது கேன்டீனால். திங்கட்கிழமை யாரோ ஒரு தொழிலாளி அந்தச் செய்தியைப் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார். கேன்டீன் மேனேஜர் செவ்வாய்க்கிழமைத் தோசையை வாசலிலேயே திருப்பிவிட்டார். புதன்கிழமை காலைக்குள் பத்திரிகையிலேயே அது தப்பு என்று போட்டுக் கொண்டுவந்தால் சரி, இல்லாவிட்டால் வியாழன் முதல் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

ஆசிரியரைக் கூப்பிட்டேன். அவர் அடையாள அட்டையைச் சரிசெய்துகொண்டு வந்து, இது இரண்டு ஆதாரங்கள் உள்ள செய்தி என்றார்.

“யாரு அந்த ரெண்டு பேரு?” என்று அக்கா கேட்டார்.

“ஆதாரத்தை வெளிய சொல்லக் கூடாதுக்கா. அது எங்க தொழில் தர்மம்.”

ஆசிரியரே முந்தைய நாள் பெருமையாகச் சொல்லி எனக்குத் தெரியும் என்பதால் நான் சொன்னேன். முதல் ஆதாரம் ஆசிரியரின் மச்சான். பட்டர்வொர்த் பக்கச் செய்திகளைச் சம்பளமில்லாமல் அனுப்புகிறவர். இரண்டாவது ஆதாரம் ஆசிரியரின் மனைவி, அதாவது அந்த மச்சானின் தங்கை. ஆசிரியர் மனைவியிடம் கேட்டபோது, ஆமாம், நானும் கேள்விப்பட்டேன் என்றிருக்கிறார். யாரிடம் கேள்விப்பட்டாய் என்று ஆசிரியர் கேட்கவில்லை.

முந்தைய நாள் இதைக் கேட்டபோதே நான் ஆச்சரியப்படவில்லை. ஒரு பெரிய போருக்கு முன்னால், அதிகாரிகள் பெயர் சொல்லாமல் பத்திரிகைக்குக் கொடுத்த தகவலை, அதே அரசின் ஆட்கள் மறுநாள் தொலைக்காட்சியில் பத்திரிகையே சொல்கிறது பாருங்கள் என்று எடுத்துக் காட்டியதை நானே மொழிபெயர்த்திருக்கிறேன். அவர்கள் தேடிய ஆயுதம் கடைசிவரை கிடைக்கவில்லை. எங்கள் ஆசிரியர் அவ்வளவு பெரிய காரியத்தைச் செய்யவில்லை. அண்ணனையும் தங்கையையும் வைத்து ஒரு தோசைக் கடையை மட்டும் குறி வைத்தார்.

மச்சானுக்குத் தொலைபேசி போட்டு ஒலிபெருக்கியில் வைக்கும்படி அக்கா சொன்னார். ஆசிரியருக்கு விருப்பமில்லை. ஆனால் அக்கா நின்ற நிலையைப் பார்த்துவிட்டுப் போட்டார்.

“என்ன மச்சான்?” என்றது குரல். “எலியா? நா எங்க கடைக்குள்ளன்னு எழுதுனேன்? ‘கடைப் பக்கம் எலி ஓடியதாம்’னு எழுதுனேன். பக்கத்து லொங்காங்ல ஓடுச்சுன்னு ஒரு ஆளு சொன்னான். நா பாக்கல லா.”

லொங்காங் என்றால் சாக்கடை. பாகான் டாலாமில் அதில் எலி ஓடாவிட்டால்தான் செய்தி. கணினியில் மூலப் பிரதியைத் திறந்து பார்த்தோம். ‘கடைப் பக்கம்’ என்பதைச் சொற்சிக்கனத்துக்காக ஆசிரியர் ‘கடையில்’ ஆக்கியிருந்தார். ‘ஓடியதாம்’ என்பதைக் கொள்கைக்காக ‘ஓடியது’ ஆக்கியிருந்தார். இரண்டு திருத்தத்தில் எலி சாக்கடையிலிருந்து ஏறிச் சமையலறைக்குள் வந்துவிட்டது.

ஆசிரியர் முகம் சிவந்தாலும் தளரவில்லை. தவறு நடந்தால் திருத்தம் போடுவதும் அமெரிக்க மரபுதான் என்று, அதற்கும் தாமே தலைமை தாங்குபவர்போல உள்ளே போய் எழுதிக்கொண்டு வந்தார். ‘12ஆம் தேதி இதழில் வெளியான ஒரு செய்தியில் ஓர் இடக்குறிப்பும் ஒரு வினைமுற்றும் துல்லியமாக அமையவில்லை.’

அக்கா அதை இரண்டு முறை படித்தார்.

“இதுல எலி எங்க?”

“தவறைத் திரும்பச் சொல்லக் கூடாதுக்கா. சொன்னா படிக்கிறவங்க மனசுல அதுதான் நிக்கும். ஸ்டேட்ஸ்ல அப்படித்தான் பண்றாங்க.”

“எலிய உள்ள விடறப்ப பேர் சொல்லி விட்டீங்க. வெளிய அனுப்பறப்ப மட்டும் பேர் சொல்ல மாட்டீங்களா? வினைமுற்றுன்னா மேனேஜருக்கு என்ன தெரியும்? அது என்ன, எலிக்கு வர்ற வியாதியா?”

நான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். கடையில் எலி இல்லை, செய்தி தவறு, வருந்துகிறோம். ஆசிரியர் படித்துவிட்டு, எலி இல்லை என்பதும் ஒரு செய்திதான், அதற்கும் இரண்டு ஆதாரம் வேண்டும் என்றார். நகராட்சி வந்து பார்த்து ‘ஏ’ கிரேட் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறது என்றார் அக்கா. அது ஒன்று, இன்னொன்று? என்றார் ஆசிரியர்.

“ரெண்டாவதுக்கு ஒங்க சம்சாரத்தையே கேளுங்க சார். அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியுதே.”

மதியம் அரிசி ஊறப்போட வேண்டும் என்று அக்கா கிளம்பினார். படியிறங்கும்போது என்னிடம், “அண்ணே, நாளைக்கு இது வரலன்னா நா அந்த ஃபேக்டரி கேட் பக்கம் போறதுல அர்த்தம் இல்ல,” என்றார். குரலை உயர்த்தவில்லை.

எனக்கு விடுமுறையான ஞாயிறு தவிர மற்ற நாட்களில், பக்கங்களை அச்சுக்கு அனுப்புவதற்கு முன்பு கடைசிப் பிரதியைப் பார்ப்பது என் பொறுப்பு. மாலையில் இரண்டாம் பக்கம் வந்தது. அடியில் திருத்தம். நான் எழுதியதை ஆசிரியர் கடைசியில் ஏற்றுக்கொண்டிருந்தார். ஆனால் ஒரே ஆதாரம்தான் இருக்கிறது என்ற மனச்சாட்சிக் குத்தலில், தாமே விரட்டிய ஒட்டைத் தாமே கூப்பிட்டுச் சேர்த்திருந்தார்: ‘அந்தத் தோசைக் கடையில் எலி இல்லையாம்.’

தமிழ் தெரிந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. இல்லை என்றால் இல்லை. இல்லையாம் என்றால், கேட்டுக்கொள்ளுங்கள், இப்படியும் சொல்கிறார்கள் என்று பொருள். இதைக் கொண்டுபோய்க் கேன்டீனில் காட்டினால் தொழிலாளிகள் தட்டைத் தட்டிச் சிரிப்பார்கள்.

சிவப்புப் பென்சிலோடு அவர் அறைக்குப் போனேன்.

“சார், இது மன்னிப்பு இல்ல. கிண்டல்.”

“அட்ரிபியூஷன் வேணும்லாண்ணே, யாரு சொன்னாங்கன்னு. எலி இல்லன்னு நாம எப்படிச் சொல்றது? நாம பாத்தமா?”

“பாக்கலாமே. ஃபெர்ரி ஓடுது.”

அவர் என்னை, ஏதோ அந்தமானுக்குப் போகலாமா என்று கேட்டதுபோலப் பார்த்தார். அமெரிக்கப் பத்திரிகைத் தொழிலில் இதற்குச் செருப்புத் தோலை வைத்து ஒரு பெயரே உண்டு. அடித்தோல் தேயத் தேய நடந்து, நேரில் பார்த்து எழுதுவது. அவர்கள் செய்ததில் நான் மதிக்கிற காரியம் அது ஒன்றுதான். செலவு அதிகம் என்று இப்போது அவர்களே குறைத்துக்கொண்டுவிட்டார்கள். பயிற்சியின் கடைசி நாளில் அந்தப் பாடம் இருந்திருக்கும். அன்று எங்கள் ஆசிரியர் சாமான் வாங்கப் போயிருப்பார்.

அதைச் சொல்லவில்லை. நேரில் பார்த்தால் ஆதாரம் தேவையில்லை என்று உங்கள் பயிற்சிக் கோப்பிலேயே இருக்கும் என்று மட்டும் சொன்னேன். அவர் கோப்பைப் புரட்டினார். இருந்தது.

என் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தார். கழுத்து அட்டை காற்றில் என் முதுகில் அடித்துக்கொண்டே வந்தது. கடையின் பின்கட்டில் மாவு அரைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் அக்கா இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றார்.

ஆசிரியர் தொலைபேசி விளக்கைப் போட்டு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் பார்த்தார். அடுப்புக்கு அடியில் முழங்காலிட்டுப் பார்த்தார். தண்ணீர் வெளியேறும் துளையைக் காட்டிக் கேட்டார். அதில் கம்பி வலை இறுக்கிக் கட்டியிருந்தது. காற்சட்டை முழங்காலில் மாவு ஒட்டிக்கொண்டது.

“நல்லாப் பாருங்க சார்,” என்றார் அக்கா. “ஏதாச்சும் ஓடுனா பேரு ஊரு கேட்டு வச்சுக்கங்க. ரெண்டா ஓடுனா ரெண்டு ஆதாரம்.”

ஆசிரியர் எழுந்து முழங்காலைத் தட்டினார்.

“என்கிட்ட கருத்து கேக்கணும்னா இப்பக் கேளுங்க. முழிச்சிட்டுதான் இருக்கேன்.”

அவர் வெளியே போனார். வாசலில் சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்தார். கீழே எதுவோ நழுவி ஓடியது. உடனே மூடிவிட்டார். லொங்காங்கைக் கட்டியது அக்கா இல்லை என்பதை அவராகவே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

அலுவலகம் திரும்பியதும் அவர் கையாலேயே எழுதினார். ‘பாகான் டாலாம் தோசைக் கடைக்கு இப்பத்திரிகையின் ஆசிரியர் நேற்று மாலை நேரில் சென்று பார்த்தார். கடையில் எலி இல்லை. திங்கட்கிழமை வெளியான செய்தி தவறு. வருந்துகிறோம்.’ கடைசிச் சொல்லில் பேனா நின்றது. வருந்துகிறோம் என்பது கருத்து, செய்தியல்ல என்று ஒரு சந்தேகம் அவருக்கு. நீங்கள் வருந்துகிறீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அப்படியென்றால் அது நேரில் கண்ட செய்திதான் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை எலி உள்ளூர்ப் பக்கத்தின் உச்சியில் வந்தது. அது இல்லை என்ற உண்மைக்கு இரண்டாம் பக்கத்தின் அடியில், கட்டில் மெத்தை விளம்பரத்துக்குக் கீழே இடம் கிடைத்தது. இதுவும் அமெரிக்க முறைதான். இதற்கு அவர் பயிற்சிக்குப் போயிருக்கத் தேவையில்லை.

புதன்கிழமை காலையில் முதல் வேலையாக, ஃபெர்ரிக்குப் போகாமல் பிறைக்குப் போனேன். தொழிற்சாலை வாசலில் லாரிகளுக்குப் பக்கத்தில் அக்காவின் வேன் நின்றது. பத்திரிகை கையில் இருந்தது, ஆனால் அவர் உள்ளே போகவில்லை. மேனேஜர் சீனர். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது எங்கள் மூவரில் யாருக்கும் முந்தைய நாள் தோன்றவில்லை. வேனின் முன்பக்கத்தில் பத்திரிகையை விரித்து, திருத்தத்துக்குக் கீழே இருந்த வெள்ளை ஓரத்தில் அதை மலாயில் எழுதிக் கொடுத்தேன். அக்கா கொண்டுபோனார். சிறிது நேரத்தில் திரும்பி வந்தார்.

“படிச்சாரு,” என்றார். “ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. இத எழுதறதுக்கு முன்னாடியே போய்ப் பாத்திருக்கலாமேன்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“தோசை ஆறுது, எறக்கட்டுமான்னு கேட்டேன். எறக்கச் சொல்லிட்டாரு.”

வேனின் பின்கதவைத் திறந்தார். ஆளுக்கொரு பெட்டியாகத் தூக்கினோம்.